அத்தியாயம் 6: இரண்டு தலைமுறை, ஒரே ரோலர்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துச் சென்னைப் பக்கம் சுமார் நாற்பது கிலோமீட்டர் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1998இல் சான்ட்ரோவை வெளியே அனுப்பிய ஹூண்டாய் ஆலை அங்கே இருக்கிறது. ஐ20 என் லைன் பிறந்த இடமும் அதுதான். ஆலைக்குப் பக்கத்திலேயே 1990இல் திறந்த மோட்டார் பந்தயத் தடம். கொஞ்சம் தள்ளி ஒரகடத்தில் வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் மையம். தறிச் சத்தத்துக்குப் பேர்போன மாவட்டத்தில் எஞ்சின் சத்தமும் குறைவில்லை.

அதனால்தானோ என்னவோ, நம் ஊர் இளைஞர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "பழைய டர்போவுல பவர் அதிகமா, புதுசுலயா?" ஒருவர், காரை ரோலரில் ஓட்டிப் பவரை அளக்கும் டைனோவின் தாள் ஒன்றைக் கைப்பேசியில் காட்டுவார். இன்னொருவர் வேறொரு தாளைக் காட்டுவார். இரண்டும் வேறு ஊரில், வேறு மாதத்தில், வேறு இயந்திரத்தில் எடுத்தவை. அதைப் பற்றி யாருக்கும் கவலை இருக்காது.

டைனோ பொய் சொல்லாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். இரண்டு தலைமுறைக் கார்களை ஒப்பிடும்படி அதனிடம் எப்படிக் கேட்பது, வந்த பதிலை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

எந்தக் கார்களை ஒப்பிடப் போகிறோம்?

நம் சாலைகளில் நிறையக் காணக் கிடைக்கும் சிறிய டர்போ பெட்ரோல் கார்களிலிருந்து மூன்று ஜோடிகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கம்பெனிகள் அறிவித்தவை.

முதல் ஜோடி: ஐ20 என் லைன், 2021 மாடலும் 2023 மாடலும். இரண்டிலும் 998 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். 6000 ஆர்பிஎம்மில் 120 பிஎஸ், 1500 முதல் 4000 ஆர்பிஎம் வரை 172 நியூட்டன் மீட்டர் டார்க். 2021இல் கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியர்பாக்ஸ் வந்தது. 2023இல் அதை எடுத்துவிட்டு வழக்கமான ஆறு கியர் மேனுவலைக் கொடுத்தார்கள். ஏழு கியர் டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) இரண்டிலும் உண்டு. எஞ்சின் எண்ணில் வித்தியாசம் பூஜ்யம்.

இரண்டாம் ஜோடி: ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013இல் வந்த 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், ஏழு கியர் டிஎஸ்ஜி (இதுவும் இரட்டைக் கிளட்ச்) கார் 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். பிஎஸ்6 புகை விதி வந்த 2020இல் அதன் இடத்தில் அமர்ந்த 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் கார் 110 பிஎஸ். டார்க் அதே 175. எஞ்சின் சிறுத்தது, பவர் 5 பிஎஸ் கூடியது. விழுக்காட்டில் சொன்னால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு.

மூன்றாம் ஜோடி: 2020இல் வந்த கிராண்ட் ஐ10 நியோஸ் டர்போவும் ஐ20 என் லைனும். இவை ஒரே காரின் இரண்டு தலைமுறை இல்லை. ஒரே எஞ்சின் குடும்பத்தின் இரண்டு சுருதி. நியோஸில் 100 பிஎஸ், என் லைனில் 120. டார்க் இரண்டிலும் 172. கிராஃப் வாசிக்கப் பழக இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

வெளிநாட்டிலும் கதை இதேதான். கோல்ஃப் ஜிடிஐயின் ஐந்தாம் தலைமுறை 200 பிஎஸ், ஆறாவது 210, ஏழாவது 220, எட்டாவது 245. ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து முதல் பதினொரு விழுக்காடு. இந்த அளவை நினைவில் வையுங்கள். நம் அளவையில் வரும் பிழையும் இதே அளவுக்கு ஏறிவிடலாம் என்பதுதான் சிக்கலே.

ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டில் விற்ற ஐ20 என் வேறு கார். அதில் 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ். அதன் டைனோ காணொளியைப் பார்த்துவிட்டு நம் என் லைனைக் குறை சொல்லாதீர்கள்.

கம்பெனியின் எண்ணும் ரோலரின் எண்ணும்

கம்பெனி தன் எண்ணை எடுப்பது எஞ்சினைத் தனியே மேடையில் பூட்டி, கிராங்க் முனையில். கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், டயர் எதுவும் நடுவில் கிடையாது. ட்யூனிங் கடையின் ரோலரில் நீங்கள் எடுப்பது சக்கரத்தில். நடுவில் கியர் பற்களின் உரசல், ஆயிலின் கடைசல், டயர் நசுங்கும் இழப்பு எல்லாம் கழிந்துவிடும். முன்சக்கர இயக்க மேனுவல் காரில் இந்தக் கழிவு பத்து முதல் பதினைந்து விழுக்காடு என்பது பொதுவாகப் புழங்கும் கணக்கு. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் இன்னும் சற்று அதிகம்.

"15 விழுக்காடு கூட்டிக்கோங்க, எஞ்சின் பவர் வந்துரும்" என்று கடையில் சொல்வார்கள். கூட்டாதீர்கள். இழப்பு ஒரு நிலையான விழுக்காடு இல்லை. கியர்பாக்ஸ் வகை, ஆயில் சூடு, டயர் காற்று, ரோலரில் காரைக் கட்டிய பட்டையின் இறுக்கம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. போலோ ஜோடியை எடுங்கள்: பழையதில் டிஎஸ்ஜி, புதியதில் டார்க் கன்வெர்ட்டர். இரண்டுக்கும் ஒரே 15ஐக் கூட்டினால் கியர்பாக்ஸின் வித்தியாசம் எஞ்சின் கணக்கில் ஏறிவிடும். சக்கரத்தில் வந்ததைச் சக்கர எண்ணாகவே எழுதுங்கள்.

அலகையும் பாருங்கள். ஒரு பிஎஸ் 0.7355 கிலோவாட், ஒரு பிஎச்பி 0.7457 கிலோவாட். 110 பிஎஸ் என்பது 108.5 பிஎச்பிதான். ஒரு தாள் பிஎஸ்ஸிலும் மற்றது பிஎச்பியிலும் இருந்தால், ஐந்து பிஎஸ் வித்தியாசத்தில் ஒன்றரை அங்கேயே தொலைந்துபோகும். மென்பொருளில் கிலோவாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

மார்கழித் தாளும் கத்திரித் தாளும்

பட்டு நூல் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் என்று பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஐப்பசி அடைமழையில் நிறுத்த சிட்டமும் சித்திரை வெயிலில் நிறுத்த சிட்டமும் ஒரே எடை காட்டாது. அதனால் பட்டு வணிகத்தில் 11 விழுக்காடு ஈரத்தைப் பொது அளவாக வைத்து எடையைத் திருத்தும் வழக்கம் உண்டு. டைனோ தாளில் இருக்கும் 'கரெக்‌ஷன் ஃபேக்டர்' என்ற திருத்தக் காரணியும் அதே ஏற்பாடுதான். அங்கே நூல் ஈரத்தைக் குடிக்கிறது, இங்கே எஞ்சின் காற்றைக் குடிக்கிறது. சூடான காற்று இளகியது; அதே கொள்ளளவில் ஆக்சிஜன் குறைவு.

பரவலாகப் புழங்கும் எஸ்ஏஇ ஜே1349 முறை, 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் உலர் காற்றழுத்தம் என்ற நிலைக்கு எல்லா எண்களையும் மாற்றுகிறது. பழைய எஸ்டிடி முறை இதைவிடக் குளிர்ந்த, அடர்ந்த காற்றை வைத்துக் கணக்கிடுவதால் அதே ஓட்டத்துக்கு இரண்டு முதல் நான்கு விழுக்காடு கூடுதலாகக் காட்டும். வாடிக்கையாளரை மகிழ்விக்க நினைக்கும் கடைக்கு எஸ்டிடிதான் பிடிக்கும்.

நம் ஊர்க் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் எண்பது மீட்டர்தான் உயரம். அழுத்தம் பெரிதாகக் குறையாது. மார்கழிக் காலையில் 24 டிகிரி, உலர் அழுத்தம் 98 கிலோபாஸ்கல் என்றால் எஸ்ஏஇ காரணி 1.01. கத்திரி வெயில் மதியத்தில் 40 டிகிரி, உலர் அழுத்தம் 96.6 என்றால் 1.06. நடுவில் ஐந்து விழுக்காடு. போலோவின் இரண்டு தலைமுறைக்கும் இடையே உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இனி இப்படி ஒரு வழக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய 1.2ஐ மார்கழியில் ஓட்டியவருக்குத் திருத்தாத எண் சக்கரத்தில் 92 பிஎஸ். புதிய 1.0ஐ கத்திரியில் ஓட்டியவருக்கு 91. முதல் பார்வைக்குப் பழசு ஒரு குதிரை முந்துகிறது. திருத்தினால் பழசு 92.9, புதுசு 96.5, இப்போது புதுசு மூன்றரை முந்துகிறது. எதை நம்புவது? டர்போ எஞ்சினில் இரண்டையும் முழுதாக நம்ப முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

டர்போவின் தனிக் குணம்

டர்போ இல்லாத எஞ்சின் வெளிக் காற்றை இருக்கிற அழுத்தத்திலேயே இழுக்கும். காற்று இளகினால் பவர் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். திருத்தச் சூத்திரத்துக்கு ஏற்ற எஞ்சின் அதுதான். டர்போ அப்படி இல்லை. இன்டேக் மேனிஃபோல்டில் இத்தனை அழுத்தம் வேண்டும் என்று எஞ்சினின் கணினியான இசியூ ஓர் இலக்கை வைத்திருக்கும். வெளியே அழுத்தம் குறைந்தால், டர்பைனுக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டை இன்னும் கொஞ்சம் மூடிவைத்து, டர்பைனை வேகமாகச் சுழற்றி, இலக்கை எட்டப் பார்க்கும். இழப்பின் ஒரு பகுதியை எஞ்சினே ஈடுகட்டிவிடுகிறது. அதை அறியாத மென்பொருள், முழு இழப்பையும் திரும்பக் கூட்டித் தருகிறது.

இந்தக் கோளாறு பெரிதாகத் தெரியும் ஊர் பெங்களூரு. சுமார் 900 மீட்டர் உயரம். 25 டிகிரி வெயிலிலேயே எஸ்ஏஇ காரணி 1.12ஐத் தாண்டிவிடும். டர்போ கார் உண்மையில் இழந்தது அதைவிடக் குறைவு. மென்பொருள் கூட்டித் தருவதோ பன்னிரண்டு விழுக்காடு. பெங்களூருத் தாளில் பல டர்போ கார்கள் கம்பெனி எண்ணையே சக்கரத்தில் தொடுவதுபோல் தெரிந்தால், எஞ்சினைப் புகழ்வதற்கு முன் காரணியைப் பாருங்கள். நம் வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. ரோலர் தேடி ஒருவர் சென்னைக்கும் இன்னொருவர் பெங்களூருக்கும் போய்விட்டு வந்து, இரண்டு தாளையும் மேசையில் வைத்து ஒப்பிடுவது வழக்கமாக நடக்கிறது.

வெயிலில் நடப்பது இதற்கு நேர்மாறு. இன்டர்கூலர் சூடேறி உள்ளே போகும் காற்றின் வெப்பம் உயர்ந்தால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கப் பார்க்கும். அதுதான் நாக்கிங். சென்சார் அதை உணர்ந்ததும் இசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பவர் சரியும். சாலையில் காரின் முகத்தில் அடிக்கும் காற்று ரோலரில் இல்லை. முன்னால் வைத்த விசிறிதான் எல்லாம். விசிறி சிறியதென்றால் இரண்டாவது ஓட்டமே முதலாவதைவிடக் குறைவாக வரும். இந்தச் சரிவைச் சூத்திரம் போதுமான அளவு திருத்தாது.

ஒரு பக்கம் கூடுதல் திருத்தம், மறுபக்கம் குறைவான திருத்தம். ஆகவே மேலே சொன்ன 92க்கும் 91க்கும் நியாயமான தீர்ப்பு 'தெரியாது' என்பதே. தெரிய வேண்டுமானால் இரண்டு கார்களும் ஒரே நாளில், ஒரே ரோலரில், அடுத்தடுத்து ஏற வேண்டும். அப்போது இருவருக்கும் ஏறக்குறைய ஒரே காரணி. அதன் பிழை இரு பக்கமும் பெரும்பாலும் கழிந்துவிடும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள்.

கடைக்குப் போகும் முன்

தலைமுறையை ஒப்பிடப் போய் வயதை ஒப்பிட்டுவிடக் கூடாது. எட்டு ஆண்டு ஓடிய காரையும் எட்டு மாதக் காரையும் ரோலரில் ஏற்றினால், பழையது தோற்பது அதன் வடிவமைப்பால் என்று சொல்ல முடியாது. பழைய காரில் முதலில் இவற்றைப் பாருங்கள்:

• ஸ்கேனரைப் பூட்டிப் பிழைக் குறியீடு ஏதும் உண்டா என்று பார்த்தல்.
• ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், ஏர் ஃபில்டர். காயில் சோர்ந்திருந்தால் முழு பூஸ்டில்தான் அதன் சோர்வு வெளியே வரும்.
• டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாகப் போகும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு, கிளிப் தளர்ச்சி. சிறு கசிவுகூட மேல் ஆர்பிஎம்மில் பவரைத் தின்றுவிடும்.
• நேரடி உட்செலுத்தல் எஞ்சினில் இன்டேக் வால்வின் மேல் படியும் கரி. பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பாய்வதால் வால்வைக் கழுவ ஒன்றுமில்லை. ஓட ஓடக் கரி ஏறும்.
• ஆயில், கூலன்ட் அளவு. டயரில் வெடிப்பு, வீக்கம். தேய்ந்து கெட்டிப்பட்ட டயரோடு ரோலரில் ஏறவே ஏறாதீர்கள்.

பிறகு இரண்டு காரையும் சமப்படுத்துங்கள். ஒரே பங்க்கில், ஒரே நாளில், ஒரே பெட்ரோல் போடுங்கள். எத்தனால் கலப்பு இருபது விழுக்காடு ஆகிவிட்ட காலம் இது. ஒன்றில் பழைய பெட்ரோலும் மற்றதில் புதியதும் இருந்தால் எரிபொருளே மூன்றாவது போட்டியாளராகிவிடும். டயர் காற்று இரண்டிலும் கம்பெனி சொன்ன அளவில் இருக்கட்டும்.

கார் எஞ்சின் மென்பொருள் மாற்றாததுதானா என்பதும் முக்கியம். கைமாறி வந்த ஜிடி டிஎஸ்ஐக்களில் ரீமேப் செய்தவை உண்டு. விற்றவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். சர்வீஸ் சென்டரில் இசியூவின் மென்பொருள் பதிப்பைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து காரை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வாரன்டியும் காப்பீடும் சிக்கலாகும் என்பது தனி.

ரோலரின் மேல்: படிப்படியாக

1. முதலில் தராசைச் சோதியுங்கள். எடைக்கல் வைத்துத் தராசைப் பார்ப்பதுபோல், ஒரே காரை மூன்று முறை ஓட்டுங்கள். மூன்று எண்களுக்குள் எவ்வளவு விலகல் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த விலகல்தான் இனி உங்கள் அளவுகோல்.

2. இன்னும் நல்ல எடைக்கல் வேண்டுமானால் முதல் ஜோடியை நினையுங்கள். 2021 ஐஎம்டி என் லைனும் 2023 மேனுவல் என் லைனும் ஏட்டில் ஒரே பவர். ஐஎம்டியில் கிளட்சை அமுக்குவது காலுக்குப் பதில் கருவி, மற்றபடி அதுவும் மேனுவல் கியர்தான். நல்ல நிலையில் உள்ள இரண்டும் ரோலரில் நாலு பிஎஸ் வித்தியாசம் காட்டினால், அது உங்கள் முறையின் பிழை என்று கொள்ளுங்கள். போலோக்களின் ஐந்து பிஎஸ் வித்தியாசத்தை அந்த ரோலரில் தேடிப் பயனில்லை.

3. எஞ்சினையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள். நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டி வந்தாலே போதும்.

4. ஏசியை அணையுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோலை நிறுத்துங்கள். முன்சக்கரம் மட்டும் சுற்றிப் பின்சக்கரம் நிற்பதைக் கண்டு கணினி குழம்பி, தானே பவரைக் குறைக்கலாம். கருவிப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

5. கியர் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதை ஒட்டி வரும் கியரைத் தேர்ந்தெடுங்கள். டிஎஸ்ஜி, டிசிடி, டார்க் கன்வெர்ட்டர் எதுவானாலும் மேனுவல் மோடில் அந்தக் கியரைப் பிடித்துவையுங்கள். ஆக்சிலரேட்டரின் அடியில் உள்ள கிக்டவுன் பொத்தானை அமுக்கிவிட்டால் கியர் தானே இறங்கி ஓட்டம் கெட்டுவிடும்.

6. ஆர்பிஎம் சிக்னலைக் காரிலிருந்து நேரடியாக எடுக்கச் சொல்லுங்கள். ரோலர் அளப்பது விசையும் வேகமும். அதிலிருந்து பவர் நேராக வந்துவிடும். டார்க்கோ, ஆர்பிஎம்மை வைத்துக் கணக்கிட்டு எடுப்பது. ஆர்பிஎம் தப்பென்றால் பவர் சரியாக இருந்தும் டார்க் தப்பாக வரும். இருநூற்றைம்பது நியூட்டன் மீட்டர் என்று வாய் பிளக்க வைக்கும் தாள்கள் சில இப்படிப் பிறந்தவை.

7. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி விடுங்கள், விசிறி ஓடிக்கொண்டிருக்கட்டும். முடிந்தால் ஸ்கேனரில் இன்டேக் காற்றின் வெப்பத்தைப் பார்த்து, அது பழைய நிலைக்கு இறங்கிய பிறகே அடுத்த ஓட்டம். பழைய காரை மூன்று முறை ஓட்டிவிட்டுப் புதியதை ஏற்றாதீர்கள். பழசு, புதுசு, புதுசு, பழசு என்று மாற்றி மாற்றி ஏற்றினால் நேரம் ஏற ஏறக் கூடும் வெயில் இருவருக்கும் பங்கு போகும். காரைக் கட்டி அவிழ்க்கும் வேலைக்குக் கடைக்காரர் முகம் சுளிப்பார். கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

8. ரோலர் சுற்றும்போது காரின் முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. டயரில் சிக்கிய ஒரு கல் போதும். புகை வெளியே போகும் குழாய் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைப் பையன் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "தம்பி, எஸ்ஏஇ-ல ஒண்ணு, திருத்தாததுல ஒண்ணு, ரெண்டையும் குடுப்பா. ஸ்மூதிங் எல்லா ரன்னுக்கும் ஒரே நம்பர்ல வெச்சுக்கோ." ஸ்மூதிங் என்பது கோட்டின் நடுக்கத்தைச் சீர்படுத்தும் அமைப்பு. குறைவாக வைத்தால் ஒரு நொடி நடுக்கம்கூட உச்சமாக நின்று, அந்த எண் தாளின் தலையில் ஏறிவிடும்.

கிராஃபை வாசிப்பது

எல்லாரும் முதலில் பார்ப்பது உச்சியை. ஆனால் காஞ்சிபுரத்துத் தெருவில் யார் 6000 ஆர்பிஎம்மில் ஓட்டுகிறார்கள்? மூன்றாம் ஜோடியை இங்கே எடுப்போம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7023ஆல் வகுத்தால் பிஎஸ் கிடைக்கும். 172ஐ 3000ஆல் பெருக்கி வகுத்தால் 73.5 பிஎஸ். அது 100 பிஎஸ் நியோஸுக்கும் பொருந்தும், 120 பிஎஸ் என் லைனுக்கும் பொருந்தும். 4000 ஆர்பிஎம்மிலும் ஏட்டளவில் இரண்டுமே 98 பிஎஸ். அதற்கு மேல்தான் பாதை பிரிகிறது. நியோஸ் 4500இல் 100ஐத் தொட்டு நிற்கிறது. என் லைன் டார்க்கை மெதுவாக இழந்துகொண்டே 6000 வரை ஏறி 120ஐத் தொடுகிறது. அங்கே அதன் டார்க் 140 நியூட்டன் மீட்டர்தான். காகிதத்தில் இருபது பிஎஸ் வித்தியாசம். காந்தி சாலை நெரிசலில் சுழி.

ஆகவே உச்சிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று, 2000 முதல் 5500 வரை ஐந்நூறு ஐந்நூறாக எட்டு இடங்களில் பவரைக் குறித்து எடுத்த சராசரி. கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை எளிதாக அளக்கும் வழி இது. இரண்டு, டார்க் தன் உச்சத்தில் தொண்ணூறு விழுக்காட்டை முதலில் எட்டும் ஆர்பிஎம். போலோ ஜோடியில் உச்ச டார்க் ஒன்றுதான் என்றாலும் பழைய 1.2க்கு அது 1500 ஆர்பிஎம்மிலேயே கிடைப்பதாகவும் புதிய 1.0க்கு 1750இல் கிடைப்பதாகவும் கம்பெனி சொல்கிறது. கீழ் ஆர்பிஎம்மில் பழையது 'கனமாக' இழுக்கிறது என்று ஓட்டியவர்கள் சொன்னால் அது வெறும் பாசம் என்று தள்ள வேண்டாம்; கிராஃபில் அந்த இடத்தைப் பாருங்கள்.

தீர்ப்பு

ஒரே காரின் மூன்று ஓட்டங்களுக்குள் வந்த விலகலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் அந்த விலகலின் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மட்டும் 'வித்தியாசம் உண்டு' என்று எழுதுங்கள். விலகல் இரண்டு பிஎஸ், வித்தியாசம் மூன்று பிஎஸ் என்றால், 'இந்த ரோலரில் பிரித்தறிய முடியவில்லை' என்பதே சரியான முடிவு. ஒரு காரை வைத்து ஒரு தலைமுறைக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். முடிந்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு கார்களைத் தேடிப் பிடியுங்கள். நண்பர் கூட்டம் பெரிதாக இருப்பதன் பயன் இதுதான்.

நியோஸும் என் லைனும் போல இருபது பிஎஸ் வித்தியாசம் என்றால் சுமாரான ரோலரே காட்டிக்கொடுத்துவிடும். போலோக்களின் ஐந்து பிஎஸ்ஸுக்கு மேலே சொன்ன அத்தனை ஒழுங்கும் வேண்டும். என் லைன்களின் பூஜ்யத்தை நிரூபிக்கத்தான் எல்லாவற்றையும்விட அதிகப் பொறுமை வேண்டும்.

தாளில் இருக்க வேண்டியவை

ஓட்டம் முடிந்ததும் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று விட்டாலும் அடுத்த ஆண்டு அந்தத் தாள் யாருக்கும் உதவாது.

• காரின் மாடல் ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், கியர்பாக்ஸ் வகை, மென்பொருள் பதிப்பு
• தேதி, நேரம், ஊர், ரோலரின் வகை
• அறை வெப்பம், அழுத்தம், ஈரப்பதம், திருத்த முறையின் பெயர், காரணியின் எண்
• பெட்ரோல் வகை, டயர் காற்று, ஓட்டிய கியர், ஸ்மூதிங் அளவு
• ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் இன்டேக் காற்றின் வெப்பம்
• திருத்தாத உச்சம், திருத்திய உச்சம், எட்டு இடச் சராசரி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனித்தனியாக

அடுத்த முறை யாராவது கைப்பேசியை நீட்டி "பாருங்கண்ணே, பழசுதான் ஜாஸ்தி" என்றால் உச்சியில் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள். தாளின் மூலையில் சின்ன எழுத்தில் காரணி இருக்கும். அதை முதலில் படியுங்கள். பிறகு எந்த ஊர், எந்த மாதம் என்று கேளுங்கள்.